மறுநாளே பதவி விலகியவர்கள்

1947 நவம்பர் 12. பிரிட்டனின் நிதியமைச்சர் ஹியூ டால்டன் பட்ஜெட் உரை நிகழ்த்தக் காமன்ஸ் சபைக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் 'ஸ்டார்' என்ற லண்டன் மாலைப் பத்திரிகையின் நிருபர் ஜான் கார்வெல் எதிர்ப்பட்டார். பீருக்கு எவ்வளவு ஏறும், புகையிலைக்கு ஏறுமா, லாப வரி என்னவாகும் என்பதை அவரிடம் சில வார்த்தைகளில் சொல்லிவிட்டு டால்டன் உள்ளே போனார். உரையில் அந்தப் பகுதி வருவதற்குள் பத்திரிகை அச்சாகித் தெருவுக்கு வந்துவிட்டது. மறுநாள் அவர் சபையில் மன்னிப்புக் கேட்டார். அன்றே பதவி விலகினார். விசாரணைக் குழு அதற்குப் பிறகுதான் அமைந்தது.

இன்று பட்ஜெட்டின் முக்கிய அம்சங்கள் பலவும் வாரக்கணக்கில் முன்பே செய்தியாகிவிடுகின்றன. சொன்னவர் யார் என்று எந்தச் செய்தியிலும் இருக்காது. அது கசிவு என்றுகூட யாரும் கருதுவதில்லை. 2025 நவம்பர் 26 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பேச எழுவதற்கு முன்பே, அரசின் நிதிநிலையை மதிப்பிடும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் அறிக்கை தவறுதலாக இணையத்தில் கிடைத்தது. ஒரு வாரம் முடிவதற்குள் அந்த அலுவலகத்தின் தலைவர் ரிச்சர்ட் ஹியூஸ் பதவி விலகினார். பிழை அவருடைய அலுவலகத்தில் நேர்ந்தது என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் வெளியான வரிச் செய்திகளுக்காக எந்த அமைச்சரும் பதவி விலகவில்லை.

இதை வைத்து அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. 1953 ஜூன் 23 இரவு, 78 வயதான பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். வெளியுறவு அமைச்சர் ஆண்டனி ஈடனோ அறுவை சிகிச்சைக்காக அமெரிக்காவில் இருந்தார். அரசின் முதல் இருவரும் படுக்கையில் இருந்த அந்த வாரங்களில், பிரதமருக்கு ஓய்வு தேவை என்பதற்கு மேல் மக்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. 'டெய்லி டெலிகிராஃப்' உரிமையாளர் கேம்ரோஸ், 'டெய்லி எக்ஸ்பிரஸ்' உரிமையாளர் பீவர்புரூக் போன்றோர் உண்மை தெரிந்தும் மௌனம் காத்தனர். நிருபரிடம் வாய்தவறிய அமைச்சரை அனுப்பிவைத்த அதே கனவான்களின் உலகம்தான் பிரதமரின் நோயையும் மூடி மறைத்தது. கட்டுப்பாடு இருந்தது, அது அவர்களுக்குள் மட்டும் இருந்தது.

1963இல் அந்த உலகம் ஆட்டம் கண்டது. மார்ச் 22 அன்று போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ, கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணுடன் தனக்குத் தகாத பழக்கம் எதுவும் இல்லை என்று சபையில் சொன்னார். வதந்தி பத்திரிகை உலகம் முழுவதும் பரவியிருந்தும், அவதூறு வழக்குக்கு அஞ்சி யாரும் வெளிப்படையாக எழுதவில்லை. ஜூன் தொடக்கத்தில் தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு விலகினார். அதன்பின் 2006இல் இறக்கும் வரை அரசியலுக்குத் திரும்பவில்லை. கிழக்கு லண்டனின் டாயின்பீ ஹாலில் ஏழைகளுக்கான தொண்டில் பல பத்தாண்டுகளைச் செலவிட்டார்.

இன்று பத்திரிகைகள் அப்படி அஞ்சி நிற்பதில்லை. கொரோனா கட்டுப்பாட்டுக் காலத்தில் டவுனிங் தெருவில் நடந்த விருந்துகளை 2021 நவம்பர் 30 அன்று 'டெய்லி மிரர்' வெளிக்கொண்டுவந்தது. மறுநாள் பிரதமர் போரிஸ் ஜான்சன், வழிகாட்டுதல்கள் எல்லாம் கடைப்பிடிக்கப்பட்டன என்று சபையில் சொன்னார். காவல்துறை 126 அபராதங்களை விதித்தது. அதில் ஒன்று அவருக்கு. அவர் சபையைத் தவறாக வழிநடத்தினார் என்று சபையின் உரிமைக் குழு 2023 ஜூனில் முடிவு சொன்னது. 354 உறுப்பினர்கள் அதை ஏற்க, 7 பேர் எதிர்த்தனர். புரொஃப்யூமோ விஷயம் முடிய இரண்டரை மாதம் ஆனது. இது முடிய பதினெட்டு மாதம். அன்றைய வாசகர் அறியாத அளவுக்கு இன்றைய வாசகருக்கு விவரங்கள் கிடைத்தன. 'நான் பொய் சொன்னேன்' என்ற ஒப்புதல் மட்டும் கடைசிவரை வரவில்லை.

பத்திரிகைகளை யார் கேட்பது என்ற கேள்வியும் பழையதுதான். 1953இல் அவை தாங்களே ஒரு பத்திரிகைக் கவுன்சிலை அமைத்துக்கொண்டன. 1991இலும் 2014இலும் பெயரும் அமைப்பும் மாறின. செலவைப் பத்திரிகைகளே ஏற்பது மாறவில்லை. இடையில், 1950 வாக்கில் வாரந்தோறும் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்', கொலையுண்ட பள்ளி மாணவி ஒருத்தியின் கைப்பேசிச் செய்திகளை ஒட்டுக்கேட்டது அம்பலமானதும், 2011 ஜூலையில் மூடப்பட்டது. பத்திரிகைகளின் நடத்தையை ஆராய அமைந்த லெவ்சன் விசாரணையின் முதல் பகுதி 2012இல் அறிக்கை தந்தது. இரண்டாம் பகுதியை 2018இல் அரசே கைவிட்டது.

வாக்காளரின் நிலையும் இரு திசைகளில் மாறியிருக்கிறது. 1951 தேர்தலில் 82 சதவீதத்துக்கும் மேலானோர் வாக்களித்தனர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் இரு பெரிய கட்சிகளையே நம்பினர். 2024இல் வாக்களித்தவர்கள் 60 சதவீதம். இரு கட்சிகளுக்கும் சேர்ந்து கிடைத்தது 57 சதவீதம். நம்பிக்கை குறைந்த அதே காலத்தில் அதிகாரம் கூடியது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சபையோ நீதிமன்றமோ தண்டித்த உறுப்பினரின் தொகுதியில் பத்து சதவீத வாக்காளர்கள் ஆறு வாரத்துக்குள் கையெழுத்திட்டால் அவர் இடத்தை இழப்பார். டால்டன் காலத்து வாக்காளருக்கு இப்படி ஒரு கருவி கிடையாது.

அன்று பெரும்பாலும் எழுத்தில் இல்லாமல் பழக்கத்தில் இருந்தவை இன்று அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளாக அச்சில் உள்ளன. அவற்றின்படி, தெரிந்தே சபைக்குப் பொய் சொன்ன அமைச்சர் பிரதமரிடம் விலகல் கடிதம் தர வேண்டும். பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் பிரதமரே என்றால் கடிதம் யாரிடம் போகும்? ஜான்சன் ஆட்சியில் நடத்தை விதி ஆலோசகர்கள் இருவர், 2020இல் ஒருவரும் 2022இல் மற்றவரும், தாங்களே விலகிப் போனார்கள்.

ஆனால் 2025 செப்டம்பரில் துணைப் பிரதமர் ஆஞ்சலா ரேனர், வீடு வாங்கியபோது முத்திரை வரியைக் குறைவாகக் கட்டிய விவகாரத்தில், தன்னைத் தானே ஆலோசகரின் விசாரணைக்கு உட்படுத்திக்கொண்டார். விதி மீறப்பட்டது என்று அறிக்கை வந்ததும் விலகினார். எல்லாம் ஒரு வாரத்துக்குள் முடிந்தது. ஒருவருக்குப் பதினெட்டு மாதமும் இன்னொருவருக்கு ஒரு வாரமும் ஆனதற்குக் காரணம் விதிப்புத்தகம் அல்ல. எது தவறு என்பதை இப்போது யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எழுந்து போக வேண்டிய நேரத்தை மட்டும் அன்றுபோல் இன்றும் நாற்காலியில் இருப்பவரே முடிவு செய்கிறார்.