இரண்டு விநாடி ஆட்டம்

1985 செப்டம்பர் 19 அன்று, காலை ஏழேகால் மணி தாண்டியதும் மெக்சிகோ சிட்டி ஆடத் தொடங்கியது. நிலநடுக்கத்தின் மையமோ 350 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கடலோரத்தில். அங்கே கொகோஸ் என்னும் கடலடிப் பாறைத்தட்டு, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டராகக் கண்டத்துக்கு அடியில் செருகிக்கொண்டிருக்கிறது. உராய்வில் சிக்கி வெகுகாலம் சேர்ந்த இறுக்கம் ஒரேயடியாக விடுபட்டது. அளவு 8.0.

அவ்வளவு தூரம் வருவதற்குள் அலைகள் ஓய்ந்திருக்க வேண்டும். நகரின் தெற்கே எரிமலைப் பாறைமேல் நிற்கும் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் பதிவாயிற்று. நகருக்கு அடியிலுள்ள பழைய ஏரிப்படுகையின்மேல் இருந்த கருவியிலோ குலுக்கல் அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு! அஸ்டெக் மக்களின் தலைநகர் டெக்ஸ்கோகோ ஏரித் தீவில் இருந்தது. அதன்மேலேயே ஸ்பானியர் தங்கள் நகரத்தை எழுப்பி, ஏரியை வடியவிட்டார்கள். தண்ணீர் போனது, ஈரக் களிமண் அடியிலேயே தங்கிவிட்டது.

எந்தப் பொருளுக்கும் இயல்பான ஆட்ட நேரம் ஒன்று உண்டு. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால், சிறு தள்ளலே அதை உயரத்துக்குக் கொண்டுபோகும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். அந்தக் களிமண்ணின் ஆட்ட நேரம் சுமார் 2 விநாடி. வந்த அலைகளிலும் அதே தாளம் வலுவாக இருந்தது. ஆறு முதல் பதினைந்து மாடி வரையுள்ள கட்டடங்கள் இதில் மாட்டிக்கொண்டன. அவற்றின் சொந்த ஆட்டம் முதலில் சற்று வேகமானது. விரிசல் விழ விழக் கட்டடம் தளர்ந்தது, ஆட்டம் மெதுவானது, 2 விநாடியை நெருங்கியது. தப்பவிடாத பொறி அது. பக்கத்திலேயே 44 மாடி லத்தீனோஅமெரிக்கானா கோபுரம் அசைந்துகொடுத்து நின்றது.

இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒத்த கருத்தில்லை. 10,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தையற்கூடங்களில் வேலைக்கு வந்திருந்த பெண்கள் இடிபாட்டில் மாண்டார்கள். சரிந்த மருத்துவமனையிலிருந்து பச்சிளங்குழந்தைகள் பல நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டார்கள். வெறுங்கையால் கல்லை அகற்றிய அக்கம்பக்கத்தாரே பல இடங்களில் முதல் மீட்புப் படை.

அன்று காக்கத் தவறிய தூரத்தையே பிறகு காவலாக்கிக்கொண்டார்கள். நில அலையைவிட ரேடியோ அலை பல்லாயிரம் மடங்கு வேகம். கடலோரக் கருவிகள் அதிர்வை உணர்ந்ததும் செய்தி அனுப்ப, நகரத்துக்கு ஒரு நிமிடம்வரை முன்னெச்சரிக்கை கிடைக்கும். 1991 முதல் இந்த ஏற்பாடு இயங்குகிறது. ஆனால் 2017இல், அதே செப்டம்பர் 19 அன்று, 7.1 அளவு நடுக்கம் நகரத்துக்கு அருகிலேயே எழுந்தது. சைரன் ஒலித்தபோது பல இடங்களில் தரை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. அருகில் எழும் நடுக்கத்துக்கு உறுதியான கட்டடமே காவல். சைரனுக்கு அங்கே நேரமில்லை.