கறள் போகிறது, கரைசல் எங்கே போகிறது?

பழைய மோட்டார் சைக்கிளொன்றுக்கு எத்தனை முறை வர்ணம் பூசினாலும், அதன் பெற்றோல் தாங்கியின் உட்புறம் உண்மையான வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற கரையோர ஊர்களில் அந்த வயது சற்று வேகமாகவே ஏறுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்படும் வரை, கொட்டில் மூலையில் கிடந்த பழைய ஹொண்டாக்கள் எல்லாம் மீண்டும் விலை பெற்றன. அவற்றை ஓடச் செய்ய முனைபவர் எவரும் முதலில் தாங்கியிலுள்ள கறளோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

கறள், அதாவது துரு, என்பது இரும்போடு நீரும் ஒட்சிசனும் சேர்வதால் உண்டாகும் நீரேறிய இரும்பொட்சைட்டு. கடற்காற்று சுமந்துவரும் உப்பிலுள்ள குளோரைட்டு அந்தத் தாக்கத்தை விரைவுபடுத்துகிறது. பெற்றோலில் மூழ்கியுள்ள தகட்டைவிட, அதற்கு மேலேயுள்ள வெற்றிடத்தை ஒட்டிய தகடே முதலில் கெடுகிறது. பகல் வெயிலில் தாங்கி சூடேறும்போது மூடியின் நுண்துளை வழியே ஆவி வெளியேற, இரவில் அது குளிரும்போது ஈரக்காற்று உள்ளே இழுபட்டுத் தகட்டில் வியர்க்கிறது. அப்படிச் சேரும் நீர் பெற்றோலைவிடக் கனமானதாகையால் அடியில் இறங்கித் தங்கி, காலப்போக்கில் அவ்விடத்தையே ஓட்டையாக்கிவிடுகிறது. 2022இல் கியூஆர் பங்கீடு தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் மட்டுமே கிடைத்ததால், தாங்கிகள் பெரும்பாலும் காற்றை நிரப்பிக்கொண்டே நின்றன என்பதை இங்கு நினைவிற்கொள்வது தகும். உதிர்ந்த கறள் பெற்றோலோடு ஓடிவந்து, காபரேட்டரில் அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டமுள்ள ஜெட் துளையை அடைத்துவிட்டால், வண்டி நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

கறளை அகற்றும் வழிகளுள் விரைவானது, ஹாட்வெயார் கடைகளில் தரை கழுவுவதற்கென விற்கப்படும் ஐதரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிக் குலுக்குவதாகும். அது கறளைத் தின்று முடித்தபின் தகட்டையும் தின்னத் தொடங்குவதோடு, எஞ்சிநிற்கும் குளோரைட்டினால், கழுவி முடித்த சில மணி நேரத்திலேயே புதுக்கறள் செம்மஞ்சளாகப் பூப்பதற்கும் காரணமாகிறது. வினாகிரியும் சித்திரிக் அமிலமும் மெதுவானவை. ஒரு நாளோ இரண்டு நாளோ ஊறவைக்க வேண்டும். பொசுபோரிக் அமிலம் கறளை நீக்குவதுடன், தகட்டின்மேல் மெல்லிய பொசுபேற்றுப் படலத்தையும் விட்டுச்செல்கிறது. எந்த அமிலமாயினும், பின்னர் அப்பச்சோடாக் கரைசலால் கழுவி, உடனே உலர்த்தி, உட்புறத்தில் எண்ணெய் பூசாவிடில் செய்த வேலை வீண்.

இத்தனையையும் கராஜ்களில் வேலைசெய்யும் மெக்கானிக்குகள் நன்கறிவர். தாங்கியிலிருந்து வெளியே ஊற்றப்படும் கபிலநிறத் திரவம் எங்கே போகிறது என்பதுதான் எவரும் கேட்காத கேள்வி. அது வெறும் கறள்நீர் என்று கருதுவது பிழை. பழைய வாகனங்கள் பலவற்றின் எரிபொருள் தாங்கிகள், ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சுப் பூசிய தகட்டால் செய்யப்பட்டவை. அமிலம் அந்தப் பூச்சையும் கரைத்துக்கொண்டுதான் வெளியேறுகிறது. இலங்கையில் 2002 வரை ஈயம் சேர்ந்த பெற்றோல் விற்பனையில் இருந்தமையால், அக்காலத்து வண்டிகளின் அடிவண்டலிலும் ஈயம் இருக்கக்கூடும். இவற்றோடு, தாங்கியின் மூலைகளில் எஞ்சிய பெற்றோலிலுள்ள பென்சீன் என்னும் புற்றுநோய் விளைவிக்கும் சேர்வையும் கலக்கிறது. குடிநீரில் ஈயத்துக்கும் பென்சீனுக்கும் உலக சுகாதார நிறுவனம் விதித்துள்ள வழிகாட்டி அளவு, தனித்தனியே, லீற்றருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே.

களிமண் செறிந்த நிலமாயின் இவற்றில் ஒரு பகுதியையாவது பிடித்துவைக்கும். கல்முனைக் கரையோரமோ மணல். அந்த மணலின் ஆழமற்ற அடியில், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையிலிருந்துதான் வீட்டுக் கிணறுகள் ஊறுகின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கடல்நீர் புகுந்த கிணறுகளைத் துப்புரவாக்கும் முயற்சியில் அளவுக்கு மீறி நீர் இறைத்தபோது, கீழிருந்த உவர்நீரே மேலெழுந்து வந்ததென்பது அந்தப் படையின் மெல்லிய தன்மைக்குச் சான்று. குழாய்நீர் வந்துவிட்ட காலத்தில் கிணற்றைப் பற்றி ஏன் கவலை என்று கேட்போரும் உளர். ஆயினும் குளிப்பதற்கும், வுழூ செய்வதற்கும், முருங்கைக்கும் தென்னைக்கும் வார்ப்பதற்கும் கிணற்றையே நாடும் வீடுகள் குறைவல்ல. வேலிக்கு அப்பால் ஊற்றியது அடுத்த வளவுக் கிணற்றுக்குச் செல்லாது என்று மணல் எந்த உறுதியும் தருவதில்லை.

ஆதலால் இவ்வூர்களுக்கு மிகப் பொருத்தமான முறை மின்பகுப்பு, அதாவது கரைசலொன்றின் ஊடாக மின்னோட்டத்தைச் செலுத்திக் கறளைத் தளர்த்துதல் ஆகும். பெற்றோல் வாடை சிறிதுமின்றிக் கழுவிய தாங்கியில், லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, பெட்டரி சார்ஜரின் எதிர் முனையைத் தாங்கியிலும், நேர் முனையைத் தாங்கியைத் தொடாமல் உள்ளே தொங்கும் இரும்புக் கம்பியிலும் இணைத்தால், நல்ல தகடு கரையாமல் கறள் மட்டும் விடுபடும். நடுவில் மேடுள்ள தாங்கியாயின் கம்பியை இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருப்பதால் வேலை இழுபடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் கரைசலை வடித்து அடுத்த தாங்கிக்கும் பயன்படுத்தலாம் என்பதால் கொட்டவேண்டிய கழிவு மிகக் குறைவு. ஐதரசன் வாயு வெளிப்படுமாதலால் திறந்த வெளியில், தீயும் தீப்பொறியும் இல்லாத இடத்தில் மட்டுமே இதைச் செய்தல் வேண்டும். துருப்பிடிக்காத உருக்கைக் கம்பியாகப் பயன்படுத்தினால் நச்சுக் குரோமியம் உண்டாகும். ஓட்டை அடைப்பதற்காக வெல்டிங் பாஸிடம் கொடுக்கும்போதும் இதே விழிப்பு வேண்டும், ஏனெனில் ஆவி நிறைந்த வெறுந்தாங்கி, நிரம்பிய தாங்கியைவிட எளிதில் வெடிக்கும்.

ஐதரோகுளோரிக் அமிலத்தைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்பவர், கழிவை ஒரு பிளாஸ்டிக் வாளியில் பிடித்து, நுரைப்பது நிற்கும் வரை சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாக இட்டு, ஒரு நாள் வைத்திருந்தால், இரும்பும் ஈயமும் பெரும்பாலும் சேறாக அடியில் படியும். அச்சேற்றை மூடியுள்ள கலனில் அடைத்து வைக்கலாம். ஒரு பக்கெட் சலவைச் சோடாவுக்கு ஆகும் செலவு, தாங்கி கழுவும் கூலியோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத்தக்கதன்று. தாங்கியைக் கழுவக் கொடுப்பவர்கள், கூலி எவ்வளவு என்று கேட்கும்போதே, கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.