லாபம் இருக்கிறது, பணம் எங்கே?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31-இல் கணக்கு முடித்தால் வரிக்கு முந்தைய லாபம் 40 லட்சம் ரூபாய். ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வங்கியில் பணமில்லை. கணக்கில் தப்பும் இல்லை, திருட்டும் இல்லை. சரக்கு கைமாறியதுமே பில் தொகை விற்பனையாக ஏறிவிடுகிறது. பணம் வர மூன்று மாதம் ஆகிறது.

இந்தப் புதிரை அவிழ்ப்பதுதான் பணப்பாய்வு அறிக்கை. வரவு செலவை ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டுவது நேர்முறை. லாபத்தில் தொடங்கிப் பணத்தை நோக்கிப் பின்னால் நடப்பது மறைமுக முறை.

நடந்து பார்ப்போம். தையல் மெஷின்களுக்கு எழுதிய தேய்மானம் 12 லட்சம். அது ஏட்டில் மட்டும் நடந்த செலவு, கல்லாவிலிருந்து போகவில்லை. ஆகவே லாபத்தோடு கூட்டுகிறோம். கடன் வட்டி 6 லட்சத்தையும் இங்கே திருப்பிக் கூட்டி, பின்னால் வரும் நிதிப் பகுதியில் கழிப்பது வழக்கம். இப்போது 58. போன ஆண்டு 30 லட்சமாக இருந்த வரவேண்டிய பாக்கி 70 ஆகிவிட்டது, 40 கழிகிறது. குடோனில் நூலும் துணியும் 18 லட்சத்துக்குக் கூடியிருக்கின்றன. அதையும் கழித்தால் பூஜ்யம்! நூல் மில்லுக்குத் தரவேண்டிய பாக்கி கூடியதால் 5 லட்சம் கையில் நின்றது. கட்டிய வருமான வரி 9 லட்சம். முடிவில், 40 லட்சம் லாபம் காட்டிய தொழில் 4 லட்சத்தைக் கரைத்திருக்கிறது.

இதுவரை பார்த்தது அன்றாடத் தொழிலுக்கான இயக்கப் பகுதி. அடுத்து மெஷின், கட்டடம் வாங்கி விற்றது முதலீட்டுப் பகுதியிலும், கடன், பங்கு, வட்டி நிதிப் பகுதியிலும் வரும். இந்த மூன்று பகுதிகளின் கூட்டுத்தொகை, ரொக்கமும் வங்கி இருப்பும் ஆண்டில் மாறிய தொகையோடு ரூபாய் பிசகாமல் பொருந்த வேண்டும்.

அமெரிக்காவின் டபிள்யூ.டி.கிராண்ட் கடைத்தொடர் பல ஆண்டுகள் லாபம் காட்டி வந்தது. தவணை விற்பனைப் பாக்கியும் சரக்கும் பணத்தை விழுங்க, 1975-இல் திவாலானது. அங்கே இந்த அறிக்கையைக் கட்டாயமாக்கிய விதி வந்தது 1987-இல்தான்.

சர்வதேசக் கணக்கியல் தரம் நேர்முறையையே ஊக்குவிக்கிறது. இந்தியாவில் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் மறைமுக முறையில்தான் தர வேண்டும் என்பது செபி விதி. அது நல்ல விதி என்றே நினைக்கிறேன். பணம் எந்த இடத்தில் சிக்கியது என்பதை இந்த முறைதான் வரி வரியாகக் காட்டுகிறது.

பங்கு வாங்கும் முன், ஆண்டறிக்கையில் லாபத்தைப் பார்த்த கையோடு இந்தப் பக்கத்தையும் புரட்டுங்கள். வரவேண்டிய பாக்கிக்கு எதிரே எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.