துவக்கு எந்தப் பாகத்தில் இருக்கிறது?

அமெரிக்காவில் எங்கோ ஒரு வீட்டின் கராஜ். மேசையில் பழைய துவாயை விரித்து, அதன்மேல் ஒரு ரைபிளை இரண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் துணித் துண்டுகள், பித்தளைத் தூரிகை, எண்ணெய்ப் போத்தல், சின்னச் சின்ன அலன் சாவிகள். யூடியூப்பில் தேடினால் இப்படியான வீடியோக்கள் முடிவில்லாமல் வரும. பேசுகிறவர் பெரும்பாலும் சாந்தமான ஆளாக இருப்பார். சைக்கிள் கடைக்காரர் செயினுக்கு எண்ணெய் விடுவதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போவார்.

துவக்கு என்றதும் சோதனைச்சாவடியும் சுற்றிவளைப்பும் ஞாபகம் வருகிற எங்களுக்கு இது இலகுவில் விளங்குகிற உலகம் அல்ல. ஆனால் ஒவ்வொரு படுகொலைக்குப் பிறகும் அமெரிக்கத் துவக்குச் சட்டம் ஏன் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால், இந்த மேசையிலிருந்து தொடங்குவதுதான் சரி.

அந்த மேசையில் கிடப்பது அநேகமாக ஏஆர்-15 வகை ரைபிள். ஏஆர் என்பது 'அசோல்ட் ரைபிள்' என்பதன் சுருக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஆர்மலைட் என்ற கம்பனியின் பெயரிலிருந்து வந்தது. ஒரு விமானக் கம்பனியின் கிளையாக இருந்த ஆர்மலைட்டில், யூஜின் ஸ்டோனர் என்ற பொறியியலாளர் 1950களின் பிற்பகுதியில் அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் கொண்டு எடை குறைந்த ரைபிளை வடிவமைத்தார். 1959இல் உரிமையை கோல்ட் கம்பனி வாங்கியது. இராணுவத்துக்குப் போனது எம்-16 ஆனது. பொதுமக்களுக்கான வடிவம் 1964இல் கடைக்கு வந்தது. விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு ரவை மட்டும் பாயும் என்பதுதான் முக்கிய வித்தியாசம். அதற்கு கோல்ட் வைத்த பெயர் 'ஸ்போர்ட்டர்'. விளையாட்டு என்ற சொல் அப்போதே ஒட்டிக்கொண்டுவிட்டது.

துப்புரவாக்குவதில் இவர்களுக்கு இருக்கும் வெறிக்கும் ஒரு வரலாறு உண்டு. வியட்நாமில் 1960களின் நடுப்பகுதியில் எம்-16 சண்டைக்கு நடுவே இறுகி நின்றது. ரவைக்குள் போடும் மருந்தை மாற்றியிருந்தார்கள், ரவை உட்காரும் அறைக்குக் குரோம் பூசவில்லை. அதைவிட மோசமாக, இந்தத் துவக்கைப் பெரிதாகத் துப்புரவாக்கத் தேவையில்லை என்ற எண்ணத்தைப் பரப்பி, துப்புரவுக் கருவிகளைப் போதியளவு கொடுக்காமலே படையினரை அனுப்பியிருந்தார்கள். 1967இல் கொங்கிரஸின் உபகுழு ஒன்று இதை விசாரித்து இராணுவத்தைக் கடுமையாகக் கண்டித்தது. பிறகு இராணுவம், புகழ்பெற்ற சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னரைக் கொண்டு பராமரிப்புக் கைநூல் ஒன்றைப் படக்கதையாகவே வரைவித்தது.

இந்த ரைபிளில் ரவையின் வாயு, இயந்திரத்தை அசைப்பதற்காகப் பின்னால் திரும்பி உள்ளுக்குள்ளேயே வருகிறது. அதனால் கரி படியும். எந்த எண்ணெய் நல்லது, எத்தனை வெடிக்கு ஒருமுறை கழற்ற வேண்டும் என்பதில் இவர்களுக்குள் முடியாத வாக்குவாதம். தேய்ந்து பழுதாகும் குழல்களைவிட, தூரிகையால் அளவுக்கு மிஞ்சித் தேய்த்துப் பழுதாக்கும் குழல்களே அதிகம் என்று அனுபவசாலிகள் முணுமுணுப்பார்கள்.

துப்புரவைவிடப் பெரிய பொழுதுபோக்கு, மாற்றியமைப்பது. ஸ்டோனரின் காப்புரிமை 1970களின் பிற்பகுதியில் காலாவதியானபின் யாரும் இந்த ரைபிளைச் செய்யலாம் என்றானது. ஒரு கம்பனியின் பாகம் இன்னொரு கம்பனியின் ரைபிளில் பொருந்தும். 1995இல் அமெரிக்க இராணுவம் பிக்கட்டினி என்ற தண்டவாளப் பட்டியை நியமமாக்கியது. அளவு ஒன்றுதான் என்பதால் தொலைநோக்கி, விளக்கு, கைப்பிடி எதையும் அதில் பூட்டிக் கழற்றலாம். வளர்ந்தவர்களின் லெகோ என்று அவர்களே பகிடியாகச் சொல்வார்கள்.

இதில் உண்மையான விளையாட்டும் இருக்கிறது. ஒஹையோவில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் காம்ப் பெரியில் 1907 முதல் தேசியச் சுடுதல் போட்டிகள் நடக்கின்றன. 200, 300, 600 யார் தூரங்களில் சுட வேண்டும். ரைபிள் வெளித்தோற்றத்தில் இராணுவ ரைபிள்போல இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே திருத்தமெல்லாம் உள்ளே நடக்கும். தோள்வாரை இழுத்து இறுக்கும்போது குழல் மயிரிழை அசைந்தாலும் 600 யாருக்கு அப்பால் குறி பிசகிவிடும். அதனால் முன்பிடிக்கு உள்ளே ஓர் உலோகக் குழாயை ஒளித்துவைத்து, பிடி குழலைத் தொடாதபடி செய்வார்கள். துவக்கு ஆடாமலிருக்க சோங்குக்குள் ஈயக்கட்டி வைப்பார்கள். இராணுவத்தில் எடை குறைய வேண்டுமென்று செய்த துவக்கை இங்கே ஈயம் போட்டுப் பாரமாக்குகிறார்கள்! விசை நாலரை இறாத்தல் எடையைத் தாங்க வேண்டும், தொலைநோக்கி நாலரை மடங்குக்கு மேல் பெரிதாக்கக் கூடாது என்று விதிகள் தொடரும். எத்தனை ரவை சுட்டது, அன்று காற்று எந்தப் பக்கம் என்று கொப்பியில் குறித்துவைக்கிற ஆட்கள் இவர்கள். இந்தப் பிரியம் எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய சோங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தகப்பன் சுட்ட துவக்கை உயரம் குறைந்த மகளும் தோளில் வைக்கலாம், குளிருக்குத் தடித்த ஜக்கெட் போட்டால் ஒரு படி குறைக்கலாம். அதே சோங்கை ஒடுக்கினால் துவக்கு ஒரு பையுக்குள் அடங்கும். சட்டம் பார்ப்பது இந்த இரண்டாவதை.

அப்படியானால் சட்டத்தின் கண்ணில் துவக்கு எது? ரவை பாய்ந்து வெளியேறும் குழல் என்றுதான் நாங்கள் நினைப்போம். அது இல்லை. 1968ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உள்ளுறுப்புகளைத் தாங்கும் உடற்கூடுதான் துவக்கு. ஏஆர்-15இல் விசை இருக்கும் கீழ்ப்பாகத்துக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள். தொடரிலக்கம் அதில்தான் பொறிக்கப்படுகிறது, கடைக்காரர் வாங்குபவரின் பின்னணியைச் சோதிப்பதும் அதற்குத்தான். குழல், சோங்கு, விசைத்தொகுதி முதலானவை நாட்டின் பெரும்பகுதியில் சாதாரணப் பொதியாகத் தபாலில் வாசலுக்கு வந்து சேரும். இன்னொரு வேடிக்கை: பழைய ஒழுங்குவிதியின் வரைவிலக்கணத்தில் சொன்ன உறுப்புகள் எல்லாம் அந்தக் கீழ்ப்பாகத்தில் இல்லை, பாதி மேற்பாகத்தில் இருக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டு எதிரிகள் வாதிட்ட சில வழக்குகளில் அரச தரப்பு பின்வாங்க நேர்ந்தது. 2022இல்தான் வரைவிலக்கணத்தைத் திருத்தினார்கள்.

1994இல் கொண்டுவந்த தாக்குதல் ஆயுதத் தடைச் சட்டம் பாகங்களை எண்ணியது. கழற்றக்கூடிய மகசினோடு, கைத்துப்பாக்கிப் பிடி, மடிக்கும் அல்லது ஒடுக்கும் சோங்கு, துவக்குக் கத்தி பூட்டும் கொழுவி, நெருப்புச்சுவாலை மறைப்பான் போன்றவற்றில் இரண்டு இருந்தால் புதிதாக விற்க முடியாது. கம்பனிகள் கொழுவியையும் மறைப்பானையும் கழற்றிவிட்டு அதே ரைபிளை விற்றன. பத்து ஆண்டுகளில், 2004இல், அந்தச் சட்டமும் காலாவதியானது. கலிபோர்னியாவில் கதை இன்னும் விநோதம். கருவியில்லாமல் கழற்றக்கூடிய மகசின்தான் 'கழற்றக்கூடியது' என்று வரையறுத்தார்கள். ரவையும் ஒரு கருவியாகக் கணக்கில் வந்ததால், ரவையின் கூரால் அழுத்தினால் கழலும் பொத்தான் ஒன்று சந்தைக்கு வந்தது. 2016இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அடுத்து, பெருவிரல் சுற்றிப் பிடிக்க முடியாதபடி செதில் வைத்த பிடிகள் பிரபலமாகின.

2017 ஒக்டோபர் முதலாம் திகதி லாஸ் வேகாஸ் ஹோட்டல் அறையிலிருந்து ஒருவன் இசைநிகழ்ச்சிக் கூட்டத்தை நோக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரவைகளைச் சுட்டான். 60 பேர் இறந்தார்கள். அவன் பயன்படுத்தியது பம்ப் ஸ்டொக் என்ற சோங்கு. துவக்கின் பின்னுதைப்பைக் கொண்டே விசை திரும்பத் திரும்ப விரலில் படும்படி செய்யும் பிளாஸ்டிக் பாகம் அது. ட்ரம்ப் நிர்வாகம் 2019இல் அதைத் தடை செய்தது. 2024 ஜூனில் உயர்நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் தடையை இரத்துச் செய்தது. ஒவ்வொரு ரவைக்கும் விசை தனியாக இயங்குகிறது, ஆகவே அது இயந்திரத் துப்பாக்கி அல்ல என்பது பெரும்பான்மையினரின் வாதம். நீதியரசர் தோமஸ் எழுதிய தீர்ப்பில், விசையின் உட்பாகங்கள் அசைவதைக் காட்டும் வரைபடங்களே சேர்க்கப்பட்டிருந்தன. பார்க்கும்போது கராஜ் வீடியோதான் ஞாபகம் வந்தது.

இந்த ரைபிள்களை 'நவீன விளையாட்டு ரைபிள்' என்று அழைக்கும்படி தேசியச் சுடுதல் விளையாட்டு மன்றம் என்ற தொழிற்துறைச் சங்கம் பிரசாரம் தொடங்கியது 2009 அளவில். அதன் தலைமையகம் அப்போது கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுனில் இருந்தது. 2012 டிசெம்பர் 14ஆம் திகதி, அதே ஊரின் சாண்டி ஹூக் பாடசாலையில் 20 பிள்ளைகளும் 6 ஆசிரியர்களும் ஊழியர்களும் அவ்வகை ரைபிளால் கொல்லப்பட்டார்கள். கொப்பியில் காற்றைக் குறித்துவைக்கிற மனிதரை நான் நம்புகிறேன். அவரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நின்று விற்கிறவர்களை நம்ப முடியவில்லை.

பாகங்களின் இந்தச் சிக்கல் அமெரிக்காவுக்கு வெளியேயும் உண்டு. நியூசிலாந்தில் 2019 வரை, சாதாரண அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் ஏழு ரவை மகசினுடன் ஏஆர்-15 வாங்கலாம். பெரிய மகசினைப் பூட்டினால் அது இராணுவப் பாணித் துவக்காகி விசேட அனுமதி தேவைப்படும். ஆனால் அந்தப் பெரிய மகசினை வாங்க எந்த அனுமதியும் தேவையில்லை. கிரைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் இரண்டையும் தனித்தனியே வாங்கித்தான் சேர்த்துக்கொண்டான்.

அடுத்த மாதமே நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்கில் சட்டத்தை மாற்றியது. எந்த இணைப்பு இருக்கிறது, எது இல்லை என்று எண்ணவில்லை. தானாக அடுத்த ரவையை ஏற்றும் ரைபிள்களில் பெரும்பாலானவற்றையும், அவற்றின் பாகங்களையும் தடை செய்தது. பிறகு பொலிஸார் மண்டபங்களில் மேசை போட்டு, துவக்குகளுக்கு மட்டுமல்லாமல் பாகங்களுக்கும் விலைப்பட்டியல் வைத்து வாங்கினார்கள். ஆண்டு முடிவில் 56,000 அளவில் துவக்குகள் சேர்ந்திருந்தன. பாகங்களின் எண்ணிக்கை 180,000ஐத் தாண்டியிருந்தது.