தலைக்குள் ஓடும் கல்யாணம்

வீட்டில் கல்யாணம் என்றால் மண்டபம் முதல் தாம்பூலப் பை வரை அத்தனையும் நம்ம தலைக்குள்ளேதான் ஓடும். நமக்கு ஒருநாள் ஜுரம் வந்தால் போதும், "எதை எங்கே வெச்சிருக்கே?"ன்னு வீடே திண்டாடும்.

இதற்குக் கைகொடுப்பது 'மைண்ட் மேப்'. இங்கிலாந்துக்காரர் டோனி புஸான் 1974-ல் பி.பி.சி. டி.வி. மூலம் பிரபலமாக்கிய முறை. நடுவில் 'கல்யாணம்' என்று எழுதி, சுற்றிலும் வேலைகளைக் கிளை கிளையாகப் பிரிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் இதற்கு 'ஃப்ரீப்ளேன்' என்ற இலவச மென்பொருளே இருக்கிறது. தமிழிலேயே டைப் செய்யலாம். 'டேப்' தட்டினால் கிளைக்குள் கிளை. 'என்டர்' தட்டினால் பக்கத்தில் இன்னொன்று. 'சமையல்' கிளையில் அட்வான்ஸ், மெனு, வாழையிலை, பால், தண்ணீர் கேன் என்று பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் தேதி, பொறுப்பாளர் பெயர் போட்டு, பிரிண்ட் எடுத்து ஹாலில் ஒட்டிவிடுங்கள்.

"வீட்டுல சும்மாதானே இருக்கே?" என்பவர்கள், எத்தனை கிளையில் 'அம்மா' என்றிருக்கிறது என எண்ணிப் பார்க்கட்டும். நாலு கிளையையாவது தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டுமே!

- ஒரு வாசகி, கும்பகோணம்.