பத்து வரிக் கூட்டல்

என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் 2015 மே மாதச் செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஒரு துண்டு இருக்கிறது. அதில் பத்து வரி. பத்துமே வங்கிக் கடன் தொகைகள். பெங்களூரு அலசூரில் முப்பது வருடமாகக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வேலைக்குப் புதிதாக வரும் பெண்ணிடம் முதல் நாளே அந்தத் துண்டைக் கொடுத்து, "இதைக் கூட்டும்மா" என்பேன். ஐந்து நிமிடத்தில் விடை வந்துவிடும்: 10 கோடியே 67 லட்சம். கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பில் அதே பத்து வரிக்குக் கீழே இருந்த தொகை 24 கோடியே 17 லட்சம்.

இந்தப் பதின்மூன்றரைக் கோடி வித்தியாசம் ஏன் முக்கியம் என்று புரிய, லஞ்சக்காரர்களை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும்.

ஒரு சிறிய அதிகாரி ஐயாயிரம் கேட்டால், புகார் கொடுத்தவரிடம் லோகாயுக்தா போலீசார் ஃபீனால்ஃப்தலீன் பொடி தடவிய நோட்டுகளைக் கொடுத்து அனுப்புவார்கள். அதிகாரி வாங்கியதும் அவர் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கச் சொல்வார்கள். தண்ணீர் ரோஜா நிறமாகும். அந்த நிறமே சாட்சி.

பெரிய பதவியில் இருப்பவர்கள் நோட்டைக் கையால் தொடுவதே இல்லை. அவர்களுக்காகத்தான் ஊழல் தடுப்புச் சட்டத்தில் வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து என்ற குற்றம் இருக்கிறது. கணக்கு எழுதும் எங்களுக்கு இது அன்றாடப் பாடம். பதவிக்கு வந்தபோது இருந்த சொத்து எவ்வளவு, போகும்போது எவ்வளவு, நடுவில் வரவென்ன, செலவென்ன? டேலி ஆகாத தொகைக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டும். லஞ்சம் கொடுத்தது யார் என்று காட்ட வேண்டிய தேவையே இல்லை.

தமிழக முதல்வராக இருந்த ஜெயலலிதா மீதான வழக்கு அப்படிப்பட்டது. 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரை கணக்குப் பார்த்தார்கள். மாதம் ஒரு ரூபாய் சம்பளம் போதும் என்று அறிவித்தவர் பெயரிலும், அவருடைய தோழி சசிகலா, சசிகலாவின் உறவினர்கள் சுதாகரன், இளவரசி ஆகியோர் பெயரிலும், அவர்களுடைய நிறுவனங்களின் பெயரிலும் 66.65 கோடி ரூபாய் மிகையாகச் சேர்ந்தது என்பது குற்றச்சாட்டு. 1996ல் ஜனதா கட்சித் தலைவர் சுப்பிரமணியன் சுவாமி புகார் கொடுத்தார். 1997ல் குற்றப்பத்திரிகை தாக்கலானது.

வழக்கு எங்கள் ஊருக்கு வந்த காரணத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2001ல் ஜெயலலிதா மறுபடி முதல்வரானார். ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேரை மீண்டும் கூண்டில் ஏற்றினார்கள். பெரும்பாலோர் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் பேசாமல் இருந்தார். குற்றம் சாட்டப்பட்டவரின் அரசாங்கமே குற்றம் சாட்டும் தரப்பாகவும் இருந்தால் வேறென்ன நடக்கும்? தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18ல் வழக்கு பெங்களூருக்கு மாறியது. வழக்கு நடத்தும் பொறுப்பு கர்நாடக அரசுக்கு வந்தது. விசாரணையை நாள்தோறும் நடத்தி முடிக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொன்னது.

தீர்ப்பு வந்தது 2014 செப்டம்பர் 27ல். நடுவே பதினோரு வருடம். ஆயிரக்கணக்கான பக்கத் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்துக்கு மாற்றியதில் கொஞ்ச காலம் போயிற்று. அடுக்கடுக்கான மனுக்களிலும் வாய்தாக்களிலும் மீதி போயிற்று. பரப்பன அக்ரஹாராவில் அமைத்த நீதிமன்றத்தில் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நால்வருக்கும் நாலு வருடச் சிறையும், ஜெயலலிதாவுக்கு 100 கோடி அபராதமும் விதித்தார். பதவியில் இருக்கும் முதல்வர் ஒருவர் ஊழலுக்காகத் தண்டிக்கப்பட்டது நாட்டில் அதுவே முதல் தடவை. தண்டனை அறிவித்த நிமிடமே பதவியும் போனது.

எட்டே மாதத்தில், 2015 மே 11 அன்று, உயர் நீதிமன்றம் நால்வரையும் விடுவித்தது. வரவு 34.76 கோடி, சொத்து 37.59 கோடி, மிகை 8.12 சதவீதம், பத்து சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றது தீர்ப்பு. வாங்கிய கடனும் வரவில்தான் சேரும். அந்த இடத்தில்தான் என் பத்து வரி வருகிறது. இல்லாத பதின்மூன்றரைக் கோடியைக் கழித்தால் வரவு 21.26 கோடி, மிகை 16.32 கோடி. எட்டு சதவீதம் 76 சதவீதமாகிவிடுகிறது. அன்று ராத்திரி கால்குலேட்டரை மூன்று தடவை அழித்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். எங்கள் தொழிலில் பத்து ரூபாய் இடித்தாலே தூக்கம் வராது.

கர்நாடக அரசு மேல்முறையீடு செய்தது. கூட்டல் பிழையோடு மற்ற சாட்சியங்களையும் உச்ச நீதிமன்றம் பரிசீலித்து, 2017 பிப்ரவரி 14ல் டி'குன்ஹாவின் தீர்ப்பே சரி என்றது. மறுநாள் சசிகலா பரப்பன அக்ரஹாரா சிறை வளாகத்தில் சரணடைந்தார்.

"அப்போ ஜெயலலிதா, அக்கா?" என்று போன வாரம் வேலைக்கு வந்த பெண் கேட்டாள். 2014க்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவள். அவளுக்கு இதெல்லாம் பழங்கதை.

தேதிகளைச் சொன்னேன். உச்ச நீதிமன்றத்தில் வாதம் முடிந்து தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது 2016 ஜூன் 7ல். ஜெயலலிதா காலமானது டிசம்பர் 5ல். இறந்தவரை எந்தக் கோர்ட்டும் தண்டிக்க முடியாது. அவர் மீதான மேல்முறையீடு அத்துடன் முடிந்தது. வழக்கில் பறிமுதலாகி பெங்களூரு கருவூலத்தில் இருந்த 27 கிலோ தங்க நகைகளைத் தமிழக அரசிடம் ஒப்படைத்தது 2025 பிப்ரவரியில்.

இந்த வழக்கில் சட்டம் தோற்கவில்லை. ஆட்சியின் கை எட்டாத ஊருக்கு வழக்கு மாறியது, கணக்கைக் கணக்காகப் பார்க்கும் நீதிபதி கிடைத்தார், தப்பைத் தப்பென்று சொல்ல இன்னொரு நீதிமன்றம் இருந்தது. பெரிய மனிதர் மீதான எந்த வழக்குக்கும் இந்த மூன்றும் வேண்டும். ஆனால் "நாள்தோறும்" என்று 2003ல் எழுதிய ஒரு சொல்லை மட்டும் யாரும் காப்பாற்றவில்லை. அந்தச் சொல்லை மதித்திருந்தால், தண்டிக்கப்பட வேண்டியவரோ விடுவிக்கப்பட வேண்டியவரோ, உயிரோடு இருந்து இறுதித் தீர்ப்பைக் கேட்டிருப்பார்.

அந்தப் பெண் துண்டுத்தாளின் ஓரத்தில் பென்சிலால் 2003, 2014, 2017 என்று எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொண்டிருந்தாள்.