நிறத்தை நம்பலாமா? வெல்லத்தை முகர்ந்தும் சுவைத்தும் தரம் அறிதல்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயில் போன்ற வைணவத் தலங்களில் மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லி. அரிசி, பால், வெல்லம், நெய் சேர்த்து அக்காரவடிசல் படைப்பது அன்றைய வழக்கம். அதைச் சமைப்பவர்கள் அஞ்சுவது ஒன்றுக்குத்தான்: வெல்லம் விழுந்ததும் பால் திரிந்துவிடக் கூடாது. பொன்னிற வெல்லம் பாலைத் திரித்துவிடுவதும், கறுத்த வெல்லம் பாலோடு இணங்கிப் போவதும் உண்டு. ஆயினும் மண்டியில் விலை வைப்பது பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான். இதனால் நல்ல வெல்லம் காய்ச்சும் விவசாயிக்கும் சிப்பத்திற்கு விலை குறைகிறது. அவரும் "ஹைட்ராஸ்" என வழங்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைக் கொப்பரையில் கொட்டத் தொடங்குகிறார்.

கரும்பிலிருந்து கிடைக்கும் வேறொரு பொருளிலும் இதே ஏமாற்று நடக்கிறது. ஆனால் அங்கே அதைக் கண்டறியும் முறை நன்கு வளர்ந்திருக்கிறது. அப்பொருள் ரம் என்னும் மது. உழவர் இதழில் மதுவைப் பற்றி ஏன் என்று கேட்கலாம். குடிக்கச் சொல்வதற்காக அல்ல, சுவைக்கும் முறையைத் தெரிந்துகொள்வதற்காகவே.

பழகிய ரம்

சர்க்கரை எடுத்தபின் ஆலையில் எஞ்சும் கழிவுப்பாகை நீரில் கரைத்து, நொதிக்கவிட்டு, காய்ச்சி வடித்தால் ரம் கிடைக்கிறது. கரீபியன் கடலிலுள்ள ஜமைக்கா, பார்படாஸ், மார்டினிக் தீவுகள் இதற்குப் பேர் பெற்றவை. மார்டினிக் நமக்கு முற்றிலும் அயலான இடமன்று. 1853ஆம் ஆண்டு மே மாதம் புதுச்சேரியிலிருந்து சென்ற கப்பலில் தமிழ்த் தொழிலாளர்கள் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தனர். அங்கே பெரும்பாலும் கழிவுப்பாகைப் பயன்படுத்தாமல், புதிதாகப் பிழிந்த கரும்புச் சாற்றிலிருந்தே ரம் வடிக்கிறார்கள். ஆகையால் வெட்டிய கரும்பைத் தாமதமின்றிப் பிழிவது நம் வெல்ல ஆலையைப் போலவே அவர்களுக்கும் முக்கியம்.

வடித்தவுடன் ரம் தண்ணீரைப் போல நிறமற்றிருக்கும். ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும்போது மரத்திலிருந்து நிறமும் மணமும் அதில் இறங்குகின்றன. வெப்ப நாடாதலால் ஆண்டுதோறும் சுமார் 6 சதவிகிதம் ஆவியாகிவிடுகிறது. 10 ஆண்டில் ஏறக்குறையப் பாதி போய்விடும். பழைய ரம்மின் விலை ஏறுவதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம். ஆனால் கருக்கிய சர்க்கரையைக் கலந்தால் இளம் ரம்மும் கறுத்துவிடும். ஆகவே தேர்ந்த சுவைஞர் நிறத்தை வைத்து வயதைச் சொல்வதில்லை.

அவர் வாய் குறுகிய சிறு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றிச் சற்று நேரம் விட்டுவைப்பார். சாராய நெடி தணிந்தபின் முகர்வார். நீண்ட நாள் நொதிக்கவிட்ட ஜமைக்கா ரம்மில் கனிந்த வாழை, அன்னாசி மணம் எழும். பிறகு ஒரு துளியை நாக்கில் பரவவிட்டு, விழுங்கியபின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது எனக் கவனிப்பார். கசப்பு மிகுந்தால் மரத்தில் அளவுக்கு மீறிக் கிடந்தது என்பார். ஒவ்வொரு சுவைக்கும் ஒரு காரணத்தைத் தேடுவதே அவர் வேலை.

வெல்லத்தில் இம்முறை

வெல்லத்தை மதிப்பிட மேற்புறத்தைப் பார்த்தால் போதாது, உடைத்துப் பார்க்க வேண்டும். நல்ல வெல்லம் கெட்டியாக உடையும், உடைந்த முகத்தில் படிகங்கள் மின்னும். கையில் பிசுபிசுத்தால் ஈரமோ, படிகமாகாத சர்க்கரையோ மிகுந்துள்ளது என்று கொள்ளலாம். அடுத்து, ஒரு துண்டைச் சுடுநீரில் கரைத்து உடனே முகர வேண்டும். கந்தக நெடி அடித்தால் ஹைட்ராஸ் சேர்ந்திருக்கிறது. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு 70 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். இந்த வெளுப்பு நிலைப்பதுமில்லை, சேமிப்பில் வெல்லம் மீண்டும் கறுத்துவிடும். கரைசலைத் தெளியவிட்டால் மண், சுண்ணாம்புத் தூள் ஆகியவை அடியில் தங்குவதையும் காணலாம்.

பிறகு நாக்கு. இங்குதான் நம் வயலும் ஆலையும் பேசுகின்றன.

உப்புக் கரித்தால் காரணம் பெரும்பாலும் நிலமும் கிணற்று நீரும்தான். உவர் நிலத்துக் கரும்பின் சாற்றில் குளோரைடு மிகுந்து, வெல்லம் கரிப்பதோடு காற்றின் ஈரத்தையும் இழுத்துக் கசியும். இத்தகைய வயலில் காய்ச்சும் முறையை மாற்றிப் பயனில்லை. பாசன நீரைப் பரிசோதித்து, அக்கரும்பை ஆலைக்கு அனுப்புவதே நல்லது என்பது என் கருத்து.

புளித்தால் வெட்டியபின் தாமதம் நேர்ந்திருக்கிறது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் பிழிய வேண்டும். தாமதித்தால் சர்க்கரை சிதைந்து சாறு புளிக்கும். பாலைத் திரிப்பது இந்தப் புளிப்புதான். ஆள் கிடைக்கவில்லை, ஆலை ஓயவில்லை என்று கரும்பைக் குவித்து வைப்பது நம்மிடம் அடிக்கடி நடக்கிறது. பிழியக்கூடிய அளவு மட்டும் அன்றன்று வெட்டினால் போதும்.

கசந்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது, அல்லது கொப்பரையின் அடியில் பாகு தீய்ந்துவிட்டது. சாற்றின் கார அமில நிலை 6.0 முதல் 6.4 வரை இருக்குமாறு சிறிது சிறிதாகச் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். கையளவைவிடக் கார அமிலக் காகிதத்தை நம்புவது மேல். அழுக்கு திரள வெண்டைத் தண்டின் சாறே போதுமானது. அச்சில் வார்க்கும் வெல்லத்திற்குப் பாகை 116 முதல் 118 டிகிரி சென்டிகிரேடில் இறக்கலாம். அதற்கு மேல் போனால் கருகல் வாடை வரும்.

இனிப்பு சப்பென்று இருந்து, அச்சும் இறுகாவிட்டால் முதிராத கரும்பு என்று பொருள். கடைசிக் காலத்தில் தழைச்சத்து இட்டாலும் இந்தக் குறை வரும். கொழுந்தாடையையும் நீர்ப்போத்துகளையும் ஒதுக்கிவிட்டுப் பிழிய வேண்டும். வெல்லத்திற்கு கோ.க. 671 சிறந்த இரகமே. ஆனால் அது செவ்வழுகல் நோய்க்கு எளிதில் ஆட்படும் என்பதை மறக்கலாகாது.

பழைய வெல்லம்

சித்த, ஆயுர்வேத மருந்துகள் சிலவற்றுக்குப் பழைய வெல்லமே கேட்கப்படுகிறது. ஆனால் ரம் பீப்பாயில் பழகுவதைப் போல வெல்லம் தானே மேம்பட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். காஞ்சிபுரம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழைக் காற்றில் திறந்து கிடக்கும் வெல்லம் கசிந்து பூசணம் பிடிக்கும். நன்றாக ஆறி உலர்ந்தபின், காற்றுப் புகாத கலத்தில், ஈரத் தரையில் படாமல் வைத்தால்தான் அடுத்த பருவம் வரை நிற்கும். இவ்வாறு காத்த வெல்லமும் சற்றுக் கறுக்கும். அது குறையன்று.

ஒவ்வொரு கொப்பரையிலிருந்தும் கால் கிலோ எடுத்து, இரகம், வெட்டிய நாள், காய்ச்சிய நாள் எழுதிய சீட்டுடன் மூடிய டப்பாவில் வைப்பது நல்ல பழக்கம். வாங்க வருபவர் நிறத்தைக் காட்டி விலையைக் குறைத்தால், அதில் ஒரு துண்டைச் சூடான பாலில் போட்டுக் காட்டலாம். இனிப்புக் கடைக்காரர்களுக்கும் கோயில் மடைப்பள்ளிகளுக்கும் நேரடியாக விற்க விரும்புவோர் இந்த டப்பாக்களையே கையோடு எடுத்துச் செல்லலாம்.